கடுமையான மேலாளரைச் சமாளிக்கும் முறை: எதை முதலில், எதைப் பிறகு செய்ய வேண்டும்

திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக (ஆர்டர்களை வாடிக்கையாளரிடம் பேசி முடிக்கும்வரை கவனிப்பவர்) சேர்ந்த நான், இன்று ஒரு பிரிவுக்கு மேலாளராக இருக்கிறேன். இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் நான்கு மேலாளர்களின் கீழ் வேலை பார்த்தேன்; அவர்களில் இருவர் மிகக் கடுமையானவர்கள். என்னிடம் வேலை கற்றுக்கொள்ள வந்த பிள்ளைகளில் பலர் மேலாளரின் தொல்லை தாங்காமல் வேலையை விட்டதையும், சிலர் அதே மேலாளரிடம் நின்று நிலைத்ததையும் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். இரு சாராருக்கும் திறமையில் பெரிய வேறுபாடு இருக்கவில்லை. எதை எப்போது செய்தார்கள் என்பதில்தான் வேறுபாடு இருந்தது.

தடுமாறுபவர்கள் முதலில் சக ஊழியர்களிடம் புலம்புகிறார்கள்; ஒருநாள் பொறுக்கமாட்டாமல் எதிர்த்துப் பேசிவிடுகிறார்கள்; அன்று மாலையே ராஜினாமா கடிதம் கொடுத்துவிடுகிறார்கள்; பிறகு சம்பள பாக்கிக்கும் அனுபவச் சான்றிதழுக்கும் அலையும்போதுதான், தங்கள் பக்கத்தைச் சொல்ல ஒரு துண்டுக் காகிதம்கூடக் கையில் இல்லை என்பதை உணர்கிறார்கள். செய்ய வேண்டிய வரிசை ஏறக்குறைய இதற்குத் தலைகீழானது. ஆவணங்களைச் சேர்ப்பது முதலில்; பிறகு குறிப்பெடுப்பது, எழுத்தில் பதிவது, தனியாகப் பேசுவது, மேலிடத்துக்குச் சொல்வது; விலகுவது கடைசியில். என் உதாரணங்கள் பனியன் கம்பெனி அலுவலகத்திலிருந்து வருபவை என்றாலும், முதலாளியோ அவருடைய உறவினரோ நேரடியாக நிர்வகிக்கும் எந்தத் தனியார் அலுவலகத்துக்கும் இவை பொருந்தும்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. கை நீட்டுதல், பாலியல் தொல்லை, சாதியைச் சொல்லி இழிவுபடுத்துதல் ஆகியவற்றில் எது நடந்தாலும் இந்த வரிசையில் காத்திருக்காமல் நேராக 9-ஆம் படிக்குச் செல்லுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பணி நியமனக் கடிதத்தை எடுத்து முழுவதும் படியுங்கள். விலகுவதற்கு முன் எத்தனை நாள் அறிவிப்புக் கொடுக்க வேண்டும், தகுதிகாண் காலம் முடிந்துவிட்டதா, இத்தனை காலம் விலகமாட்டேன் என்று பத்திரம் ஏதும் எழுதிக் கொடுத்திருக்கிறோமா என்ற மூன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். சேர்ந்த நாளில் கையெழுத்திட்டுவிட்டுப் பிறகு அந்தக் கடிதத்தைத் திறந்தே பார்க்காதவர்கள்தான் அதிகம்.

சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு அறிக்கை, வருங்கால வைப்பு நிதியின் யுஏஎன் எண் (ஊழியருக்கு உரிய கணக்கு எண்), மீதமுள்ள விடுப்புக் கணக்கு ஆகியவற்றின் நகல்களை வீட்டில் ஒரு கோப்பில் வையுங்கள். யுஏஎன் கணக்கில் பதிந்துள்ள கைபேசி எண் இன்றும் நம்மிடம் இருக்கிறதா என்று பாருங்கள். நல்லுறவு இருக்கும்போது ஐந்து நிமிடத்தில் கிடைக்கும் ஒரு நகல், உறவு முறிந்த பிறகு ஐந்து மாதமானாலும் கிடைக்காது.

சில நிறுவனங்கள் அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்கின்றன. உங்களுடையவை அங்கே இருந்தால், உறவு சுமுகமாக இருக்கும்போதே வங்கிக் கடன், மேற்படிப்பு போன்ற உண்மையான தேவையைச் சொல்லித் திரும்பப் பெற்றுவிடுங்கள். இதைச் செய்யாமல் அடுத்த படிகளுக்குப் போனவர்கள், பின்னால் தங்கள் பட்டச் சான்றிதழுக்காகவே வாயை மூடிக்கொள்ள நேர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

குறைந்தது மூன்று மாத வீட்டுச் செலவுக்கான பணத்தைத் தனியாக ஒதுக்கத் தொடங்குங்கள். இதற்கும் மேலாளருக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். அடுத்த மாத வாடகைக்கு வழியில்லாதவரின் குரலில் அச்சமோ ஆத்திரமோ ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும். பின்னால் வரும் படிகளுக்குத் தேவையான நிதானமான குரல் அவரிடமிருந்து வருவது மிகக் கடினம்.

2. இரண்டு வாரம் குறிப்பு மட்டும் எடுங்கள்

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்ததும், நடந்ததை ஐந்து வரிக்குள் எழுதுங்கள்: தேதி, நேரம், எந்த வேலை தொடர்பாக, அவர் சொன்ன சொற்கள் அப்படியே, அப்போது அருகில் இருந்தவர்கள், அதனால் வேலையில் ஏற்பட்ட விளைவு.

'மேலாளர் வழக்கம்போல எல்லார் முன்னாலும் அசிங்கப்படுத்தினார்' என்று எழுதினால் அது பின்னால் எதற்கும் பயன்படாது. 'செவ்வாய், காலை 11.20. பேக்கிங் பட்டியல் தாமதம். "உனக்கெல்லாம் யார் வேலை குடுத்தது" என்றார். ஸ்டோர்ஸ் அண்ணனும் இரண்டு பயிற்சியாளர்களும் இருந்தார்கள். பட்டியல் 12.10-க்குக் கொடுக்கப்பட்டது' என்று எழுதினால், ஆறு மாதம் கழித்து அதைப் படிக்கும் வேறொருவருக்கும் நடந்தது கண்முன் தெரியும். நம் மனக்கொதிப்பைக் குறிப்பில் சேர்க்காமல் இருப்பது கடினம்தான். ஆனால் அது சேரச் சேர, படிப்பவர் நம்மைச் சந்தேகிக்கத் தொடங்குவார்.

இந்த நோட்டை அலுவலக மேசையிலோ அலுவலகக் கணினியிலோ வைக்காதீர்கள். அலுவலக மின்னஞ்சல்களை மொத்தமாகத் தம் சொந்த முகவரிக்கு அனுப்பிக்கொள்வது புதியவர்கள் செய்யும் மற்றொரு தவறு. பையரின், அதாவது நமக்கு ஆர்டர் கொடுக்கும் வாடிக்கையாளரின், விலை விவரம் அவற்றில் ஒன்றில் இருந்தாலும், நிறுவனத்தின் ரகசியத்தை வெளியே எடுத்துச் சென்றார் என்று நம்மீதே குற்றம் சாட்ட அது போதும்.

இந்த இரண்டு வாரத்தில் யாரிடமும் முறையிட வேண்டாம். சில நாட்களுக்குப் பிறகு, நாம் நினைத்த அளவுக்குப் பிரச்சினை பெரிதில்லை என்பதோ, நினைத்ததைவிடப் பெரிது என்பதோ குறிப்பிலிருந்தே தெரிந்துவிடும்.

3. குறிப்பைப் படித்து வகை பிரியுங்கள்

கடுமை எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்ததன்று. குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள்: குறிப்பிட்ட நேரத்திலோ நாளிலோ மட்டும் இது நடக்கிறதா? எல்லாரிடமும் இப்படித்தானா, என்னிடம் மட்டுமா? பேச்சு வேலையைப் பற்றியதா, என்னைப் பற்றியதா? சட்டத்துக்குப் புறம்பான எதையாவது செய்யச் சொல்கிறாரா?

என் பிரிவுக்குப் பின்னாளில் மாறி வந்த ஒரு பெண், தம் முந்தைய மேலாளரைப் பற்றி 17 நாட்களில் 11 குறிப்புகள் எழுதியிருந்தார். அவற்றில் 8 குறிப்புகள் காலை 11 மணிக்கும் 12 மணிக்கும் இடையில் நடந்தவை. அந்த நிறுவனத்தில் தினமும் 10.30-க்கு முதலாளியின் உற்பத்திக் கூட்டம். எந்த ஸ்டைல் (ஆடை வடிவம்) எத்தனை பீஸ் கட்டிங் முடிந்தது, எத்தனை தைத்தாயிற்று என்று முதலாளி கேட்கும்போது மேலாளரிடம் பதில் இருப்பதில்லை. அங்கே வாங்கியதை வெளியே வந்ததும் இவரிடம் இறக்கிவைத்தார். இதைக் கண்டுகொண்ட அந்தப் பெண், மறுநாளிலிருந்து 10.15-க்கு அரைத்தாளில் ஸ்டைல் எண், கட்டிங், தையல், பேக்கிங், நிலுவை என்று ஐந்து கட்டம் போட்டு எழுதி மேலாளரின் மேசையில் வைக்கத் தொடங்கினார். கத்தல் முழுவதும் நின்றுவிடவில்லை. ஆனால் வாரத்துக்கு நான்கைந்து முறை என்றிருந்தது ஒரு முறையாகக் குறைந்தது. இரண்டாம் வாரத்தில் அந்த மேலாளர் தாமாகவே வந்து 'அந்தப் பேப்பர் எங்கம்மா?' என்று கேட்டாராம்.

மேலிருந்து வரும் அழுத்தத்தை அப்படியே கீழே தள்ளுபவருக்கு, அவருடைய அழுத்தத்தைக் குறைக்கும் தகவலே மருந்து. சொன்னதை மறுக்கும் பழக்கமுள்ளவருக்கு 5-ஆம் படி. நம்மை மட்டும் குறிவைத்து ஒடுக்குபவரிடம் எந்தத் தகவலும் பயன் தராது. அங்கே 7-ஆம் படியிலிருந்து மேலே செல்ல வேண்டியிருக்கும். வகை தெரியாமல் தொடங்கினால், அழுத்தத்தில் இருக்கும் மனிதர்மேல் புகார் கொடுத்துப் பகையைச் சம்பாதிப்போம்; குறிவைப்பவரிடம் மேலும் மேலும் உழைத்து ஓய்ந்துபோவோம்.

4. நம் பக்கத்து ஓட்டைகளை அடைத்துவிடுங்கள்

தாமத வருகை, பதில் போடாத மின்னஞ்சல், சொல்லாமல் எடுத்த விடுப்பு, வேலை நேரத்தில் கைபேசி: இவற்றில் எது இருந்தாலும் இந்த வாரத்திலேயே நிறுத்திவிடுங்கள். மேலாளரின் நடத்தையைப் பற்றி நாம் வாய் திறக்கும் நாளில், முதலில் வெளியே வருவது நம் வருகைப் பதிவேடாகத்தான் இருக்கும். அவருடைய தவறு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், நம்முடைய பத்து நிமிடத் தாமதம் அதை மறைத்துவிடும் என்பதைப் பலமுறை பார்த்து வருந்தியிருக்கிறேன்.

5. வாய்மொழி உத்தரவை அரை மணி நேரத்துக்குள் எழுத்தாக்குங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். நான் இதைக் கற்றுக்கொண்ட விதம் கசப்பானது.

துணிக்குச் சாயமிடுவதற்கு முன், ஒரே நிறத்தில் சற்றே வேறுபட்ட சாயல்களில் ஏ, பி, சி என்று லேப் டிப் மாதிரிகளைத் தயாரித்து பையருக்கு அனுப்ப வேண்டும். அவர் ஒன்றுக்கு ஒப்புதல் தந்த பிறகே மொத்தத் துணியையும் டையிங்கில் ஓட்டுவார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், நேவி ப்ளூவில் 640 கிலோ துணி இந்த ஒப்புதலுக்காகக் காத்திருந்தது. மாலை ஏழு மணிக்கு மேலாளர் தொலைபேசியில் அழைத்து, 'பி-க்கே ஓட்டச் சொல்லுங்க, பையர்கிட்ட நான் பேசிக்கறேன்' என்றார். டையிங்குக்குச் சொன்னேன். நான்கு நாள் கழித்து பையர் சி மாதிரிக்கு ஒப்புதல் அனுப்பினார். முதலாளியின் அறையில், என்னைப் பார்த்தபடியே மேலாளர் கேட்டார்: 'அப்ரூவல் வராம யாரைக் கேட்டு ஓட்டுனீங்க?' அவர் குரலில் சிறு தடுமாற்றமும் இல்லை. என்னிடம் அவருடைய அழைப்பு வந்த நேரம் மட்டுமே இருந்தது. அவர் பேசியது எதிலும் பதிவாகியிருக்கவில்லை. இழப்பின் ஒரு பகுதியை மூன்று மாதம் என் சம்பளத்தில் பிடித்தார்கள். அப்படிப் பிடிக்கும் முன் ஊழியருக்கு விளக்கமளிக்க வாய்ப்புத் தர வேண்டும் என்று ஊதியச் சட்டம் சொல்கிறது என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

அன்று நான் தொலைபேசியை வைத்ததும் இப்படி ஒரு செய்தி அனுப்பியிருக்க வேண்டும்: 'சார், இப்போது போனில் சொன்னபடி நேவி ப்ளூ 640 கிலோவையும் பி ஷேடில் ஓட்ட டையிங்குக்குச் சொல்கிறேன். பையர் ஒப்புதல் இன்னும் வரவில்லை. தாங்கள் பேசுவதாகச் சொன்னீர்கள். 7.45-க்கு டையிங்குக்குச் சொல்லிவிடுகிறேன். மாற்றம் இருந்தால் அதற்குள் சொல்லவும்.'

இந்தச் செய்தியில் என்ன செய்யப் போகிறோம் என்பதும், அளவும், இன்னும் முடியாமல் நிற்பது என்ன என்பதும், எத்தனை மணிக்குச் செய்யப் போகிறோம் என்பதும் இருக்கின்றன. முடியாமல் நிற்பதைத்தான் பெரும்பாலோர் எழுத மறக்கிறார்கள். பின்னால் முழுப் பழியும் விழும் இடம் அதுவே. பதில் வராவிட்டாலும் கவலையில்லை, ஏனெனில் 'மாற்றம் இருந்தால் சொல்லவும்' என்ற வரி மௌனத்தையே சம்மதமாக்கிவிடுகிறது.

இப்போது நான் மேலாளராக இருந்து பார்க்கையில், இந்தப் பழக்கத்தின் பெரிய பலன் வேறொன்று என்று தெரிகிறது. அவசரத்தில் சொன்ன உத்தரவு எழுத்தாகத் திரும்பி வரும்போது, சொன்னவருக்கே அதன் ஆபத்து கண்ணில் படுகிறது. 'இருங்க, காலைல பாத்துக்கலாம்' என்று நானே எத்தனையோ முறை திருப்பி அழைத்திருக்கிறேன். ஆதாரமாகப் பயன்படுவதற்கு முன்பே, அந்தச் செய்தி தவறு நடக்காமல் தடுத்துவிடுகிறது.

இதில் புதியவர்கள் செய்யும் தவறுகள் சில. செய்தியின் நகலை முதலாளி உட்படப் பத்துப் பேருக்கு அனுப்புவது, மேலாளருக்கு எதிரான போர் அறிவிப்பாகவே எடுத்துக்கொள்ளப்படும். அவருக்கு மட்டும் அனுப்புங்கள். 'நீங்கள் பிறகு மறுப்பீர்கள் என்பதால் எழுதுகிறேன்' என்ற தொனி ஒரு சொல்லிலும் வரக்கூடாது. பிரச்சினை எழுந்த பிறகு மட்டும் எழுதத் தொடங்குபவர் பொறி வைப்பவராகத் தெரிவார் என்பதால், சிக்கலில்லாத சாதாரண உத்தரவுகளுக்கும் இதே பழக்கத்தைக் கடைப்பிடியுங்கள். வாட்ஸ்அப்பில் தானாக மறையும் செய்தி வசதி அந்த உரையாடலில் இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மின்னஞ்சலுக்கு மாறுங்கள். புதுக் கைபேசி வாங்கும்போது பழைய உரையாடல்களை முறையாக மாற்றிக்கொள்ளாமல் இரண்டாண்டுப் பதிவை ஒரே நாளில் இழந்தவர் ஒருவரும் என்னிடம் வேலை பார்த்தார்.

6. அவர் சத்தம் போடும் நேரத்தில்

அந்த நேரத்தில் விளக்கம் சொல்லாதீர்கள். கோபத்தில் இருப்பவருக்கு ஒவ்வொரு விளக்கமும் எதிர்ப்பாகவே காதில் விழும். அவர் சொல்வதில் வேலை தொடர்பான ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு, 'பேக்கிங் லிஸ்ட் 12 மணிக்குள் கொடுத்துவிடுகிறேன் சார்' என்று சொல்லி நகருங்கள். சொன்ன நேரத்தில் கொடுத்தும் விடுங்கள்.

சொற்கள் எல்லை மீறி, வீட்டையும் பெற்றோரையும் இழுத்தால், குரலை உயர்த்தாமல் ஒரே ஒரு முறை சொல்லலாம்: 'வேலையைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லுங்க சார், வீட்டைப் பற்றி வேண்டாம்.' அதற்கு மேல் அங்கே நிற்க வேண்டாம். அன்றைய குறிப்பில் இரு பக்கச் சொற்களையும் எழுதிவிடுங்கள்.

7. தனியாகப் பேசுங்கள்

குறிப்பும் எழுத்துப் பழக்கமும் ஒரு மாதமாவது ஓடிய பிறகே இந்தப் படி. அதற்குள் எதைக் கேட்க வேண்டும் என்பது நமக்கே தெளிவாகியிருக்கும்.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். கப்பலுக்குச் சரக்கு ஏறும் வாரத்திலும், சம்பளம் போடும் நாளிலும், திங்கட்கிழமை காலையிலும் வேண்டாம். ஒரு ஷிப்மென்ட் நல்லபடியாகப் போன மறுநாள் மாலை மிகப் பொருத்தமானது. 'சார், பத்து நிமிஷம் உங்ககிட்டத் தனியாப் பேசணும், எப்ப வரட்டும்?' என்று முன்கூட்டிக் கேளுங்கள். குடும்ப நிறுவனமாக இருந்தால், அவருடைய அண்ணனோ மைத்துனரோ அறையில் இருக்கும்போது தொடங்கவே கூடாது. உறவினர் முன்னிலையில் விட்டுக்கொடுப்பது அவருக்கு மானப் பிரச்சினையாகிவிடும்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பதினொரு குறிப்பையும் வாசித்துக் காட்டினால் அது விசாரணையாகிவிடும். அவருடைய குணத்தைப் பற்றிப் பேசாமல், வேலையில் ஏற்படும் விளைவையும் நாம் கேட்கும் மாற்றத்தையும் சொல்லுங்கள். 'தப்பு இருந்தா நீங்க கேக்கணும் சார், அதுல வருத்தமில்ல. ஆனா டெய்லர்ஸ் முன்னாடி திட்டுனா, அப்புறம் நான் சொல்ற வேலைய அவங்க எடுக்க மாட்டேங்கறாங்க, லைன் லேட் ஆகுது. அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னீங்கன்னா உடனே சரி பண்ணிருவேன்.' இந்த மூன்று வாக்கியத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். பிறகு அவர் பேசுவதைக் கேளுங்கள். நமக்குத் தெரியாத காரணம் ஏதாவது வெளிவரலாம்.

அவர் ஒப்புக்கொண்டால், மறுநாள் எழுத்தில் எதுவும் அனுப்பாதீர்கள். வேலை உத்தரவுக்கு எழுத்து வேண்டும் என்று சொன்ன நானே இங்கே வேண்டாம் என்கிறேன். மனம்விட்டுப் பேசியதைப் பதிவாக்கினால் அவர் இனி மனம்விட்டுப் பேசமாட்டார். நம் நோட்டில் மட்டும் எழுதிக்கொண்டு, மூன்று வாரம் பாருங்கள்.

8. மேலிடத்துக்குச் செல்லுங்கள், மெமோ வந்தால் பதற வேண்டாம்

பேசியும் மாற்றமில்லை என்றால், மேலாளருக்கு மேலே இருப்பவரிடமோ மனிதவளப் பிரிவிடமோ ஒரு பக்கத்துக்குள் எழுதிக் கொடுங்கள். மூன்று நிகழ்வுகள் தேதியோடு, வேலைக்கு ஏற்பட்ட இழப்பு, தனியாகப் பேசிய தேதி, நாம் கேட்கும் தீர்வு ஆகியவை போதும். தீர்வாக 'அவர்மேல் நடவடிக்கை எடுங்கள்' என்று கேட்பதைவிட, 'வேறு பிரிவுக்கு மாற்றுங்கள்' என்றோ 'உத்தரவுகளை மின்னஞ்சலில் தரச் சொல்லுங்கள்' என்றோ கேட்டால் நடக்க வாய்ப்பு அதிகம், ஏனெனில் நிறுவனத்துக்கு அதில் செலவில்லை.

மனிதவளப் பிரிவே இல்லாத, மேலாளரே முதலாளியின் மச்சானாக இருக்கும் நிறுவனங்கள் எங்கள் ஊரில் நிறைய. அங்கே கடிதம் கொடுப்பதற்கு முன், முதலாளி மதிக்கும் மூத்த ஊழியர் ஒருவரின் வழியாகச் சொல்லிப் பார்ப்பது நல்லது. பெரும்பாலும் அவர் பழைய கணக்காளராக இருப்பார்.

பலரிடம் கையெழுத்து வாங்கி மனு கொடுப்பதும், பெயர் போடாத மொட்டைக் கடிதமும், வாட்ஸ்அப் குழுவில் பொடிவைத்து எழுதுவதும் வேண்டாம். கையெழுத்திட்டவர்களில் இருவர் மறுநாளே பின்வாங்குவார்கள். அப்போது மீதி இருப்பவர் நாம் மட்டுமே.

இதற்குப் பதிலடியாக விளக்கம் கேட்டு மெமோ வரலாம். வாங்க மறுக்காதீர்கள், மறுத்தார் என்பதையே இன்னொரு குற்றமாக எழுதுவார்கள். தேதியிட்டு 'பெற்றுக்கொண்டேன்' என்று மட்டும் கையெழுத்திட்டு ஒரு நகல் வாங்குங்கள். கொடுத்த கெடுவுக்குள் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் எண்ணிட்டுப் பதில் எழுதுங்கள். 5-ஆம் படியில் சேர்த்த செய்திகளின் நகலை அதில் இணையுங்கள். 'ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்துரு, முடிச்சுக்கலாம்' என்று அன்பாகச் சொன்னாலும், செய்யாததைச் செய்ததாக எழுதாதீர்கள், ஏனெனில் பின்னால் அது ஒப்புதல் வாக்குமூலமாகிவிடும். வெற்றுத்தாளிலோ, அவர்கள் தட்டச்சு செய்து வைத்த ராஜினாமா கடிதத்திலோ எந்த நிலையிலும் கையெழுத்திடக் கூடாது. 'வீட்டில் கேட்டுவிட்டு நாளை வருகிறேன்' என்று எழுந்து வந்துவிடலாம். அதைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை.

9. சட்டம் துணைக்கு வரும் இடங்கள்

கத்துவதையும் சிடுசிடுப்பதையும் தண்டிக்கும் சட்டம் எதுவும் நம்மிடம் இல்லை. ஆனால் கீழே வருபவற்றில் சட்டம் தெளிவாக இருக்கிறது.

பாலியல் தொல்லைக்கு 2013-ஆம் ஆண்டின் சட்டம் உள்ளது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் ஒவ்வோர் இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதற்குக் குறைந்த இடங்களில் வேலை பார்ப்பவர்களும், முதலாளி மீதே புகார் உள்ளவர்களும் மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவை அணுகலாம். நிகழ்ந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் வரை அனுமதிக்கலாம். விசாரணை 90 நாட்களில் முடிய வேண்டும். விசாரணை நடக்கும்போது தம்மையோ எதிர்த்தரப்பையோ இடம் மாற்றவும், மூன்று மாதம் வரை விடுப்புத் தரவும் புகார் தந்த பெண் எழுத்தில் கேட்கலாம். இந்த உரிமை தெரியாமல், புகார் கொடுத்துவிட்டு அதே மேலாளரின் எதிரிலேயே தினமும் உட்கார்ந்திருந்த பெண்களைக் கண்டிருக்கிறேன். மகளிர் உதவி எண் 181.

பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் சாதியைச் சொல்லிப் பொதுப்பார்வையில் இழிவுபடுத்துவது 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். இங்கே 2-ஆம் படியில் சொன்ன 'அருகில் இருந்தவர்கள்' என்ற குறிப்பு உயிர்நாடியாகிவிடும்.

வேலைநீக்கத்தைப் பொறுத்தவரை, தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன் 41-ஆம் பிரிவு முக்கியமானது. கடைகளிலும் வணிக அலுவலகங்களிலும் தொடர்ந்து ஆறு மாதத்துக்குக் குறையாமல் வேலை பார்த்தவரை, நியாயமான காரணமின்றியும், ஒரு மாத அறிவிப்போ அதற்கு ஈடான ஊதியமோ தராமலும் நீக்க முடியாது. நிரூபிக்கப்பட்ட ஒழுங்கீனத்துக்கு மட்டும் அறிவிப்புத் தேவையில்லை. தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்குத் தொழிலுறவுச் சட்டங்கள் பொருந்தும். அவற்றில் ஒருவர் 'தொழிலாளர்' வரையறைக்குள் வருகிறாரா என்பதைப் பதவியின் பெயரை வைத்து முடிவு செய்வதில்லை. அவர் உண்மையில் செய்யும் வேலையே கணக்கு. அப்படித் தொழிலாளராக இருப்பவரை விசாரணைக்காக இடைநீக்கம் செய்தால், முதல் 90 நாட்களுக்குப் பாதி ஊதியத்தைப் பிழைப்பூதியமாகத் தர வேண்டும்.

கை நீட்டலுக்கு ஆளானவர்கள் உட்பட, வழக்கறிஞர் செலவை எண்ணித் தயங்குபவர்கள், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் செல்லலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும், தொழிலாளர்களுக்கும் அங்கே இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

10. உடம்பு சொல்வதைக் கேளுங்கள்

ஞாயிறு மாலையே நெஞ்சு படபடப்பது, மேலாளரின் பெயர் கைபேசித் திரையில் தெரிந்ததும் வியர்ப்பது, இரண்டு வாரமாகத் தூக்கமின்மை ஆகியவை வந்தால் மற்றப் படிகளைத் தள்ளிவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். டெலிமானஸ் எனும் மனநல உதவி எண் 14416-இல் தமிழிலேயே கட்டணமின்றிப் பேசலாம். வீட்டில் ஒருவரிடமாவது முழுவதும் சொல்லிவிடுங்கள். 'வேலைன்னா அப்படித்தான்' என்று அவர்கள் முதலில் சொல்லக்கூடும். அப்போது நோட்டைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

11. விலகுவது என்று முடிவானால்

புதிய நிறுவனத்தின் பணி உத்தரவு எழுத்தில் கைக்கு வந்த பிறகே ராஜினாமா. 'வந்து சேருங்க, பாத்துக்கலாம்' என்ற வாய்ச்சொல்லை நம்பி விலகியவர்கள் இரண்டு இடமும் இல்லாமல் நின்றிருக்கிறார்கள். உடல்நலமோ மானமோ ஒரு நாள்கூடத் தாங்காது என்ற நிலையில் மட்டும் இந்த விதியை மீறலாம். 1-ஆம் படியில் சேர்த்த மூன்று மாதப் பணம் அந்த நாளுக்கானதுதான்.

ராஜினாமாவை மின்னஞ்சலில் அனுப்புங்கள். விலகும் எண்ணம், அறிவிப்புக் காலம், கடைசி வேலை நாள் என்ற மூன்றைத் தவிர வேறெதையும் எழுத வேண்டாம். காரணத்தை எழுதி மனப்பாரத்தை இறக்கிவைக்க ஆசை வரும். அந்தக் கடிதம் நிறுவனத்தில் உள்ள நம் கோப்பில் என்றும் இருக்கும். அடுத்த நிறுவனம் விசாரிக்கும்போது எடுத்துப் படிப்பது அதைத்தான். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவது இன்னும் மோசம், ஏனெனில் அனுபவச் சான்றிதழ் கேட்கும் உரிமையை நாமே விட்டுக்கொடுத்ததாகிவிடும்.

அறிவிப்புக் காலத்தில் ஒவ்வோர் ஆர்டரின் நிலையையும் பட்டியலிட்டு ஒப்படைத்து, வாங்கிக்கொண்டவரின் கையெழுத்தைப் பெறுங்கள். மடிக்கணினி, அடையாள அட்டை, மாதிரித் துணிகள் என்று திருப்பித் தந்த ஒவ்வொன்றுக்கும் அப்படியே. இல்லாவிட்டால், கணக்கு முடிக்கும்போது 'மூணு சாம்பிளைக் காணோம்' என்ற பேச்சு வரும்.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, விலகியவருக்கும் நீக்கப்பட்டவருக்கும் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும். தொடர்ந்து ஐந்து ஆண்டு பணி முடித்திருந்தால் பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) உண்டு: கடைசியாக வாங்கிய மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அதைப் பணியாண்டுகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் வருவது அந்தத் தொகை. மேலாளரோடு பிணக்கு இருந்தது என்பதற்காக இதை நிறுத்திவைக்க முடியாது. தராவிட்டால் முதலில் மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த மின்னஞ்சலின் நகலோடு தொழிலாளர் துறை அலுவலகத்துக்குச் செல்லுங்கள்.

விலகிய பிறகு வருங்கால வைப்பு நிதித் தளத்தில், பழைய நிறுவனம் நீங்கள் விலகிய தேதியைப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். பதியாமல் விட்டிருந்தால், கடைசிச் சந்தா செலுத்திய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து நாமே அந்தத் தேதியைப் பதியலாம். அதற்காகப் பழைய மேலாளரை மீண்டும் அழைக்க வேண்டியதில்லை.